சோபாவைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்



காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் பழம்பொருள் கடைகள் வரிசையாக வரும். எனாமல் பாத்திரங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், வேலைப்பாடுள்ள கதவு நிலைகள். இவற்றுக்கு நடுவே, சுவரில் சாய்த்தும் ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்தும் வைத்திருக்கும் நீளமான பிரம்பு சோபாக்களையும் பார்க்கலாம். தேக்குச் சட்டம், நிமிர்ந்த முதுகு, மூன்று பேர் தாராளமாக உட்காரும் இருக்கை. அப்படி ஒன்றை வாங்கி வீட்டில் போட வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களோடுதான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இவை கடைக்கு வந்த கதை கொஞ்சம் வருத்தமானது. 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசம் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. அந்த நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்த, காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டின் நகரத்தார் அங்கே பெரும் செல்வம் சேர்த்தார்கள். பர்மாத் தேக்கு கப்பலேறிச் செட்டிநாட்டுக்கு வந்தது. தூணானது, கதவானது, நாற்காலியும் சோபாவும் ஆனது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த வருமானம் அறுந்தது. பிறகு வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தன. பராமரிக்க முடியாதவை இடிபட்டன. சாமான்கள் லாரியில் ஏறின. அவை ஏதோ ஓர் ஓட்டல் வரவேற்பறையில் அழகுக்கு நிற்பதைவிட, ஒரு வீட்டில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து எழுவதையே நான் விரும்புகிறேன்.

சரி, கடைக்குள் போய்விட்டீர்கள். பளபளப்பைப் பார்த்து விலை கேட்காதீர்கள். கடைக்காரரிடம் சொல்லி, சோபாவைப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். மேல்புறத்தை யாரும் ஒரே நாளில் மெருகேற்றிவிடலாம். அடிப்புறத்தைத் தேய்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது மூட்டு. நல்ல ஆசாரி ஆணியை நம்பி சோபா செய்யவில்லை. ஒரு கட்டையின் நுனியில் கழுந்து எடுத்து, இன்னொரு கட்டையில் துளை போட்டு, அதற்குள் இறக்கி, வஜ்ஜிரப் பசை வைத்து, சில இடங்களில் குறுக்கே மர ஆணியும் அடித்திருப்பார். வஜ்ஜிரம் சூட்டிலும் ஈரத்திலும் இளகும். அதனால் நூறு வருஷம் கழித்தும் அந்த மூட்டைச் சேதமில்லாமல் பிரித்து மறுபடி இறுக்கலாம். பின்னால் வந்த யாரோ இரும்புப் பட்டையை வைத்து முடுக்கியிருந்தால், அல்லது இந்தக் காலத்துக் கெட்டிப் பசையைக் கொட்டியிருந்தால், அந்த மூட்டை இனிப் பிரிப்பது கடினம். ஆடும் சோபாவைவிட அப்படி முடுக்கிய சோபாவுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அடுத்தது திருகாணி. தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் பரவத் தொடங்கியது. அது ஒன்றிரண்டு இருந்தால் பழுது பார்த்ததாக இருக்கலாம்; எல்லாமே அதுவாக இருந்தால் நூற்றாண்டுக் கதையை நம்ப வேண்டாம். தேய்மானத்தையும் கவனியுங்கள். கை வைக்கும் இடம், முன் விளிம்பு, கால்களின் அடி ஆகியவை தேய்ந்திருக்க வேண்டும். யார் கையும் படாத இடம் தேயாமல் இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே அளவாக மழுங்கியிருந்தால் அது உப்புத்தாளின் வேலை. இடித்த வீட்டு உத்தரத்தையும் தூணையும் அறுத்துப் புதிதாகச் செய்த சோபாக்களும் நிறைய விற்கின்றன. சம்பந்தமில்லாத இடத்தில் ஆணித் துளையை அடைத்த தடம் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றிலும் நல்ல மரம் உண்டு, வாங்கலாம். ஆனால் புது சோபாவின் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

பூச்சி விஷயத்தில் தாட்சண்யமே கூடாது. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது. வெளிறாக இருக்கும் வெளிப்பகுதியைத் தின்றுவிடும். ஊசித் துளைகள் தெரிந்தால் துளையின் உட்புறத்தைப் பாருங்கள். உள்ளே பழுத்த நிறமாக இருந்தால் பழைய சேதம். வெளேரென்று இருந்து, தட்டினால் மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. ஆவியில் வளைத்த பீச் மரத்தில் செய்த ஐரோப்பிய சோபாக்களும் சில சமயம் கிடைக்கும். வியன்னாவின் தோனே நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த வளைமர நாற்காலியின் குடும்பம் அது. இருக்கை விளிம்பின் உட்புறத்தில் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கும். பார்க்க அவ்வளவு நேர்த்தி! ஆனால் பீச் மரத்துக்குத் தேக்கின் எதிர்ப்புச் சக்தி கிடையாது. நம் ஊர் ஈரத்தில் அதை வைத்திருப்பவர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். எந்த மரமானாலும் வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் தனியாக வைத்து, அடியில் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். மாவு விழுந்தால் உடனே தெரிந்துவிடும்.

பஞ்சும் ஸ்பிரிங்கும் வைத்து மூடிய பழைய சோபாக்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. எலும்புக்கூடு வரை பிரித்துப் போடத் துணிந்தால் வாங்குங்கள்.

பிரம்புக்கு வருகிறேன். கிழக்கிந்திய வணிகம் வழியாகப் பிரம்புப் பின்னல் 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாற்காலிகளுக்குப் போனது. நம் வெப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான இருக்கை எனக்குத் தெரியவில்லை. காற்று அடியிலிருந்து முதுகு வரை போய்வரும். கையால் பின்னிய சோபாவில் சட்டத்தைச் சுற்றித் துளைகள் வரிசையாக இருக்கும். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என ஆறு முறை இழை ஓடி, எண்கோணக் கண்கள் உருவாகும். துளைகளுக்குப் பதில் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடினால், அது இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளை அழுத்தி ஒட்டியது. பல சோபாக்களில் பிரம்பு போன பிறகு பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருப்பார்கள். அதைக் கண்டு ஒதுக்க வேண்டாம். சட்டம் நன்றாக இருந்தால் ஒயரை அறுத்துவிட்டுப் பிரம்பு பின்னிக்கொள்ளலாம்.

பிரம்பு தொய்ந்தால் அடிப்பக்கத்தில் ஈரத்துணியால் நன்றாக ஒற்றி, ஆள் உட்காராமல் ஒரு நாள் காயவிடுங்கள். மேல்பக்கம் வழவழப்பாக இருப்பதால் தண்ணீரை வாங்காது, அடிப்பக்கம் வாங்கும். காயும்போது இழை சுருங்கி இறுகும். காய்ந்து கிடக்கும் பிரம்புதான் முறியும். அதனால் ஏசி காற்று நேரே படும் இடத்திலும் மேற்கு வெயில் விழும் ஜன்னலோரத்திலும் போடாதீர்கள். உட்காரும்போது எடை பரவும், தாங்கும். முழங்காலை ஊன்றினாலோ, மின்விசிறி துடைக்க மேலே ஏறி நின்றாலோ ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து கிழியும். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மெத்தை வேண்டுமென்றால் மெல்லிய இலவம்பஞ்சுத் திண்டு போதும். கனமான ஃபோம் போட்டால் காற்றும் போகும், இருக்கையும் உயர்ந்துவிடும்.

உயரம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். இன்றைய சோபாவில் புதைந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய சோபாவின் இருக்கை குழியாது, முதுகு நிமிர்ந்திருக்கும், ஊன்றிக்கொள்ள இரு பக்கமும் கைகள் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய உதவி. 17 அங்குலத்துக்குக் குறையாத உயரமா என்று கடையிலேயே அளந்து பாருங்கள். உங்கள் வீட்டு வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் லிஃப்டையும் புறப்படும் முன்பே அளந்து எழுதி எடுத்துப்போங்கள். ஆறடி சோபா கழற்றி மாட்டும் பொருளல்ல.

தூக்கும்போது சோபாவின் கைகளைப் பிடிக்காமல் இருக்கைச் சட்டத்தைப் பிடித்து இரண்டு பேராகத் தூக்குங்கள், இழுக்கவே கூடாது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். கால்களின் அடியில் ரப்பர் குப்பி மாட்டுங்கள்; தினமும் தரை துடைக்கும் ஈரம் மரத்தின் நுனி வழியாக ஏறிக் காலை அரிக்கும். பழைய மெருகு பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். உலர்ந்த துணியால் துடையுங்கள், எப்போதாவது கொஞ்சம் மெழுகு தேயுங்கள். முழுவதையும் சுரண்டிப் புதிய மெலமைன் பாலிஷ் அடித்துத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அந்த நிறம் வர நூறாண்டு ஆனது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைவேலைப்பாட்டுப் பொருள்கள் தொல்பொருள்களாகும். தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. வயது குறைவு என்றால் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

கடைசியாக, பின்னுகிறவரைப் பற்றி. பிரம்பை ஊறவைத்து, இழையிழையாகக் கோத்து, ஒரு சோபாவை முடிக்க நாள்கணக்கில் ஆகும். பார்வையற்ற பலர் இந்தத் தொழிலை முறையாகக் கற்றிருக்கிறார்கள். அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னும் பணியில் நெடுங்காலம் இருந்திருக்கிறார்கள். விரல் நுனியால் இழையின் இறுக்கத்தை அளப்பவர்கள் அவர்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கையில் எடுத்துப்போகும் பணத்தில் பின்னுகூலிக்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள்.