இன்பத்தின் வாசலில் நிற்பவர் யார்?

(கடலூர், சிதம்பரம் பகுதித் தோழர்கள் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



மது, கலை, சிரிப்புப் பாட்டு ஆகிய மூன்றையும் பற்றி இன்று நான் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். தலைவர் இந்தத் தலைப்பை வாசித்தபோது உங்களில் சிலர் சிரித்தீர்கள். சிலர் முகத்தைச் சுளித்தீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். இன்பம் என்றாலே அது மறைவாகச் செய்ய வேண்டிய காரியம், நாலு பேர் முன்னால் பேசத் தகாத காரியம் என்று நமக்குச் சிறு வயது முதல் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது.

சொல்லி வைத்தவர்கள் யார்? உலகம் மாயை, உடம்பு பொய், இன்பம் பாவம் என்று நமக்குப் போதித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் தங்கள் சாமிக்கு மாத்திரம் எதிலும் குறை வைக்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, மேளம், நாட்டியம், ஊஞ்சல், பள்ளியறை எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். கல்லுக்கு இவ்வளவு இன்பம் வேண்டியிருக்கும்போது, கல்லுடைக்கிறவனுக்குக் கொஞ்சம் வேண்டாமா என்றுதான் நான் கேட்கிறேன்.

ஆகவே இன்பம் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சோறு எப்படித் தினமும் வேண்டுமோ அப்படியே இன்பமும் தினமும் வேண்டும், எல்லோருக்கும் வேண்டும். ஆனால் எந்த இன்பம் என் முன்னால் வந்தாலும் அதை ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் நான் எடை போடுவேன். "இதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பவர் யார்?" என்பதுதான் அந்தக் கேள்வி. இந்த மூன்று இன்பங்களையும் அந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

கலயமும் புட்டியும்

முதலில் மது. குடிப்பது பாவம், நரகம் கிடைக்கும் என்று சொல்லி யாரையும் நான் பயமுறுத்தப் போவதில்லை. நம்முடைய பழைய நூல்களிலேயே இரண்டு கட்சியும் இருக்கின்றன. அதியமான் கள்ளை ஔவையாரோடு பங்கிட்டுக் கொண்டதைப் புறநானூறு சொல்கிறது. கொஞ்சம் கிடைத்தால் ஔவைக்குக் கொடுத்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால் அவள் பாடத் தானும் உண்பானாம். வள்ளுவரோ கள்ளுண்ணாமை என்று ஒரு அதிகாரமே எழுதி, பெற்ற தாயின் முன்னாலும் குடிவெறி சகிக்க முடியாதது என்றார். இவற்றில் எது வேதவாக்கு என்று சண்டை போட வேண்டியதில்லை. நாமே கணக்குப் பார்க்கலாம்.

பனையிலோ தென்னையிலோ பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சாறு சொட்டுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர்; தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகிறது. அதில் போதைச் சரக்கு நூற்றுக்கு நாலைந்து பங்குதான். கடையில் புட்டியில் விற்கும் பிராந்தி, விஸ்கியிலோ நூற்றுக்கு 42.8 பங்கு. சட்டம் எதைத் தடுத்தது? 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் எடுத்தார்கள்; பிறகு மூடினார்கள்; மறுபடியும் திறந்தார்கள். 1987 முதல் இந்த ராஜ்யத்தில் கள் இறக்குவது குற்றம். 2003 முதல் புட்டிச் சரக்கைச் சில்லறையில் விற்பது சர்க்காரே நடத்தும் டாஸ்மாக் கடை. மஞ்சக்குப்பத்திலிருந்து புறப்பட்டு ரெட்டிச்சாவடியைத் தாண்டிப் புதுவை எல்லைக்குள் கால் வைத்தால் கள்ளுக்கு லைசென்சு உண்டு. சாலையின் இந்தப் பக்கம் கைதியாக இருக்கிறவன் அந்தப் பக்கம் வியாபாரி! இதில் பாவ புண்ணியம் எங்கே இருக்கிறது?

அதே புதுவையில் பிரஞ்சுக்காரர் ஆண்டபோது துரை சாப்பாட்டு மேஜையில் ஒயின் கிண்ணம் இருந்தது. அதற்கு நாகரிகம் என்று பெயர். பனையடியில் ஓலையைக் குடுவையாக மடித்துக் குடித்தவனுக்கு மாத்திரம் குடிகாரன் என்று பெயர். குடித்த சரக்கு பெயரைக் கொடுக்கவில்லை. குடித்தவனுடைய ஜாதியும் பையிலிருந்த பணமுமே கொடுத்தன.

இவ்வளவும் சொன்னதால் நான் குடிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். இனித்தான் என் கேள்வியைக் கேட்கப் போகிறேன். குடிக்கிற இடத்தின் வாசலில் நிற்பவர் யார்? பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்ணைப் பாருங்கள். தோட்டின் எண்ணெய் பட்டு அவள் கைத்தோல் கறுத்து வெந்திருக்கும். வேலை முடிந்து வந்தவள் அடுப்பை மூட்டுகிறாள், பிள்ளையைக் கவனிக்கிறாள், புருஷன் வருகிறானா என்று திண்ணையில் நிற்கிறாள். அவனும் உழைத்தவன்தான், அலுப்பும் இருக்கத்தான் செய்யும். ஆனால் அவன் அலுப்புக்கு ஒரு புட்டி உண்டு; அவள் அலுப்புக்கு என்ன உண்டு? இரண்டு பேர் கூலியும் சேர்ந்து ஒருவனுடைய இன்பமாகிறது. அந்த இன்பத்தில் அவளுக்குக் கிடைக்கிற பங்கு அடியும் வசவும்தான்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் சேர்ந்திருந்த ஊர்தான் அது. மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்து பிழைத்த ஏழைகள். குடிக்கப் போனவனைப் பற்றி மாத்திரம் பேசினோமே தவிர, அவனுக்குப் பக்கத்தில் வேறு எந்த மலிவான இன்பம் இருந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

வைத்தியர்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று மதுவில் எந்த அளவையும் சொல்ல முடியாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் தெரிவித்துவிட்டது. புற்றுநோய்க்குக் காரணமான பொருள்களின் பட்டியலில் அது 1988 முதலே இருக்கிறது. இதை அறிந்த பிறகும் குடிப்பவன் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவு செய்து கொள்ளட்டும். ஆனால் அந்தச் செலவைப் பெண்டாட்டி தலையில் வைக்க அவனுக்கு உரிமை கிடையாது. என் தராசில் மது இவ்வளவுதான் நிற்கிறது.

கோபுர வாசலில் கலை

இரண்டாவது கலை. கலை மதுவைப் போன்றதல்ல, பங்கிட்டால் குறையாதது. பத்துப் பேர் பாட்டுக் கேட்டால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்றாகிவிடுவதில்லை. ஒவ்வொருவனுக்கும் முழுப் பாட்டும் கிடைக்கிறது. அப்படிப்பட்ட பொருளுக்குக் கூட இந்தச் சிதம்பரத்தில் கதவு போட்டார்களே, அதுதான் ஆச்சரியம்.

நந்தன் கதை உங்களுக்குத் தெரியும். சேக்கிழார் எழுதினார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாகப் பாடினார். பக்தர்கள் அதைப் பக்திக் கதை என்பார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ஒரு பண்ணையாள் ஒரு கூத்தைப் பார்க்க ஆசைப்பட்டான். அதற்கு அவனிடம் கேட்ட டிக்கெட்டு விலை என்ன? நெருப்பு! தீக்குளித்து வந்தால்தான் பார்க்கலாம் என்றார்கள். ஒரு மனிதன் ஆடலைக் கண்டு மகிழ உயிரை விலையாகக் கேட்ட ஊர் வேறு எங்கேயாவது உண்டா?

பாட்டுக்கும் அப்படியே கதவு இருந்தது. கேட்பவர்கள் தமிழர்கள், பாடுகிறவர்கள் தமிழர்கள், பாட்டு மாத்திரம் கேட்பவனுக்குப் புரியாத பாஷையில் இருந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்துத் தில்லைவிடங்கனில் மாரிமுத்தாப் பிள்ளை இருந்தார்; சீர்காழியில் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் இருந்தார்கள். இவர்கள் தமிழில் பாடி வைத்திருந்தும் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசிப் பந்திச் சாப்பாடாகவே இருந்தது. 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடிய பிறகுதான் அந்தக் கதவு அசைந்தது. கோயிலுக்குள்ளே இன்னும் தாமதம். சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடுவதற்கு 2008-ஆம் வருஷம் சர்க்கார் உத்தரவு வேண்டியிருந்தது. தேவாரத்தை நம்புகிறவனா நான் என்பதல்ல இங்கே பேச்சு. தன் பாஷையில் வாய் திறந்து பாடுவதற்கு ஒரு மனிதனுக்குப் போலீஸ் காவல் எதற்கு என்பதுதான் பேச்சு.

நாட்டியத்தை எடுத்துக் கொள்ளுங்கள். இந்த ஊர்க் கோபுர வாசல்களின் உட்சுவரில் நூற்றெட்டு ஆடல் நிலைகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த உளியின் திறமையை நான் மனமாரப் புகழுகிறேன். சிற்பியின் கைக்கு மதம் கிடையாது. ஆனால் கல்லில் ஆடுகிற பெண்ணைக் கலை என்று சொன்னவர்கள், உயிரோடு ஆடிய பெண்ணைப் பொட்டுக் கட்டித் தாசி என்றார்கள். அந்தக் கொடுமையை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் புத்தகமாகவே எழுதினார். 1947-ல் சட்டம் வந்து பொட்டுக் கட்டுவதை நிறுத்திற்று. அதற்குள்ளாகவே ஆட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்து மேடை ஏற்றிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றிய குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் மேடைக்குக் கீழேயே நின்றார்கள். 1981 முதல் இங்கே நாட்டியாஞ்சலி நடக்கிறது. போய்ப் பாருங்கள், ரசியுங்கள். ரசிக்கும்போது வெளியே நின்றவர்களையும் நினைத்துக் கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சிரிப்புக்குக் கதவு கிடையாது

மூன்றாவது சிரிப்புப் பாட்டு. காசு செலவில்லாதது, கலயம், புட்டி, மேடை ஒன்றும் வேண்டாதது, ஒருவர் சொல்லிப் பத்துப் பேர் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடியது. இதில் நாம் தரித்திரர்களல்ல. நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் சோறு வர நேரமானதற்காகக் காளமேகம் பாடிய வெண்பாவைக் கேட்டுச் சிரிக்காத தமிழன் உண்டா? தில்லைக் கலம்பகம் பாடிய இரட்டையர்களில் ஒருவர் குருடர், ஒருவர் முடவர். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் பாதி வெண்பாவைத் தொடங்க மற்றவர் முடித்தார். உடுத்தியிருந்த துணி குளத்தில் நழுவிப் போனதைக்கூடச் சிலேடையாக்கிச் சிரித்தார்கள் என்பது வழங்கி வரும் கதை. கண்ணும் காலும் குறைந்தவர்கள் அழவில்லை. எல்லாம் குறையாமலிருக்கிற நாம் ஜாதகத்தைத் தூக்கிக் கொண்டு அழுகிறோம்!

மாரிமுத்தாப் பிள்ளையும் காளமேகமும் சாமியையே கேலி செய்தார்கள். அதற்கு நிந்தாஸ்துதி என்று ஒரு பெயரைக் கொடுத்துப் பக்தர்கள் ஏற்றுக் கொண்டார்கள். பக்தன் கேலி செய்தால் ஸ்துதி. நாம் கேள்வி கேட்டால் மாத்திரம் நாஸ்திகம்! போகட்டும். நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைக்கு இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு அலைய விட்டார். வேளூர்க் கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் கேலிப் பாட்டும் எழுதினார். படிக்கிறவன் சிரிக்கிறான், சிரித்த பிறகு யோசிக்கிறான். யோசிக்க வைக்கிற இன்பம் போதையை விட மேலானதல்லவா?

இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவான். ராஜா வேஷக்காரனை முகத்துக்கு நேரே கேலி செய்வான். ஊர்ப் பெரிய மனிதனையும் விடமாட்டான். பகலில் எவன் முன்னால் துண்டை இடுப்பில் கட்ட வேண்டியிருந்ததோ அவனைப் பார்த்து ராத்திரியில் ஊரே சிரித்தது. அந்த ஒரு ராத்திரியாவது கூலிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஆனால் சிரிப்பையும் நான் தராசில் வைக்காமல் விடமாட்டேன். அந்தக் கூத்திலேயே பெண் வேஷத்தை ஆண்தான் கட்டினான். பெண் மேடைக்கு வெளியே நின்றாள். இன்றைக்கும் நாம் சொல்லுகிற வேடிக்கைகளில் பாதி பெண்டாட்டியைப் பற்றியும், நொண்டியைப் பற்றியும், கறுப்பு நிறத்தைப் பற்றியும் இருக்கிறது. எளியவனைப் பார்த்துச் சிரிப்பது சிரிப்பல்ல, அது இன்னொரு வகைச் சவுக்கு. வலியவனைப் பார்த்துச் சிரியுங்கள். உங்களையே பார்த்துச் சிரித்துக் கொள்ளுங்கள். அந்தச் சிரிப்புக்கு யாரையும் வெளியே நிறுத்த வேண்டியதில்லை.

முடிவாகத் தோழர்களே! நான் உங்களைத் துறவியாகச் சொல்லவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். அந்த அரை மணி நேரம் அவள் உட்காரட்டும். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேடிக்கைப் பாட்டைப் படித்துக் காட்டுங்கள். அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களை விட அவள் நன்றாகக் கேலி செய்வாள் என்பதை அப்போது தெரிந்து கொள்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எல்லோருமாகச் சிதம்பரத்துக்கு வாருங்கள். கும்பிட வேண்டாம், கோபுர வாசலில் நின்று அந்தக் கல்லைச் செதுக்கிய கூலிக்காரன் கையைப் பாருங்கள். அதற்குக் காசும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அனுபவிக்கக் கூடிய இன்பமே இன்பம். ஒருவன் உள்ளே இருக்க, மற்றவர் வாசலில் நிற்க நடக்கிற இன்பத்துக்குக் கொள்ளை என்றுதான் பெயர். இதைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.