பத்து வீட்டுக்கு ஒரு விமானத் தளமா?

    

'சிற்றூருக்கு விமானத் தளம் அவசியமா? ஆடம்பரமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா என்ன கேட்டாங்க? "பத்து வீடு இருக்கிற ஊருக்கு விமானத் தளம் எதுக்குங்க? பணக்காரங்க பொழுதுபோக்காப் பறக்கவா?"ன்னு கேட்டாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு) பேச்சு நல்லா இருந்தது, தட்டினேன். நியாயம் இருந்ததா? அதை இப்பப் பார்ப்போம்.

நம்ம ஊர்ல 108-க்குப் போன் பண்ணா வண்டி வருது. ஏன் வருது? ரோடு இருக்கு, பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டுமே இல்லாத இடத்துல மனுஷன் என்ன செய்வான்?

மேற்கு ஆஸ்திரேலியாவிலே ஹால்ஸ் கிரீக் என்று ஒரு சின்ன ஊர். 1917-ஆம் ஆண்டு. மாட்டுப் பண்ணையிலே வேலை பார்த்த ஜிம்மி டார்சி என்ற இளைஞன் குதிரையிலிருந்து விழுந்து படுகாயம் அடைந்தான். வண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டு வந்தாங்க. ஊரில் டாக்டர் கிடையாது. இருந்தவர் யார் தெரியுமா? போஸ்ட் மாஸ்டர்! அவர் பெர்த் நகரத்து டாக்டர் ஹாலண்டுக்குத் தந்தி அடித்தார். டாக்டர் தந்தியிலேயே வழி சொல்லச் சொல்ல, போஸ்ட் மாஸ்டர் பேனாக்கத்தியை வைத்து ஆபரேஷன் செய்தார் ஐயா! மயக்க மருந்து கிடையாது. பையன் அதையும் தாங்கிக்கொண்டான்.

டாக்டர் நேரிலேயே புறப்பட்டார். கப்பலில் சுமார் ஒரு வாரம். பிறகு கார். பிறகு குதிரை வண்டி. வந்து இறங்கினால், முதல் நாள்தான் டார்சி இறந்து போயிருந்தான். எமன் எருமையில வந்தான், டாக்டர் கப்பல்ல வந்தார். எருமை முந்திக்கிட்டது! (கைதட்டல்)

இந்தக் கொடுமை பாதிரியார் ஜான் ஃப்ளின் நெஞ்சைத் தைத்தது. டாக்டரை வானத்தில் அனுப்ப வழி தேடினார். 1928 மே 17. குயின்ஸ்லாந்தில் குளோன்கரி என்ற சிற்றூரின் விமானத் தளத்திலிருந்து, வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன விமானத்திலே முதல் பறக்கும் டாக்டர் கிளம்பினார். முதல் வருஷத்திலே 50 பயணம், 225 நோயாளிகள். அந்த 225 பேர் வீட்டிலே போய், "தளம் ஆடம்பரம்"னு சொல்லிப் பாருங்களேன்!

அந்தப் பணி இன்றைக்கும் நடக்குது. எங்கே இறங்குது? சின்னச் சின்ன மண் தளத்திலும்தான். விமானம் வருதுன்னா, முதல்ல ஒருத்தர் ஜீப்பை எடுத்துக்கிட்டு ஓடுபாதை முழுக்க ஓட்டணும். எதுக்கு? கங்காருவை விரட்ட! (சிரிப்பு) நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டுல மாடு விரட்டுறோமே, அதே கதைதான்.

"வருஷம் முழுக்கச் சும்மாதானே கிடக்கு?" என்றார் இன்னொரு நண்பர். தினம் தீப்பிடிக்கலைன்னு தீயணைப்பு வண்டியை வித்துடுவீங்களா? "பணக்காரர் விமானமும் இறங்குதே?" இறங்கட்டுமே! ஊர்க் குளத்துல எருமையும்தான் குளிக்குது. அதுக்காகக் குளத்தைத் தூர்த்துடுவோமா? (பலத்த கைதட்டல்)

செலவு ஆகும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடும்போது எத்தனை பேர் பறந்தாங்கன்னு மட்டும் எண்ணாதீங்க. எத்தனை பேர் பிழைச்சாங்கன்னும் எண்ணுங்க. பத்தே வீடாக இருக்கலாம் நடுவர் அவர்களே, அந்தப் பத்து வீட்டிலும் தாய் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. ஆகவே சிற்றூருக்கு விமானத் தளம் அவசியமே, அவசியமே என்று கூறி விடைபெறுகிறேன்.