தோற்பதிலும் ஒரு நியாயம் வேண்டும்



பாளையங்கோட்டை பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஊர். இங்கே வீடியோ கேம் என்றாலே, "படிக்கிற பிள்ளையைக் கெடுக்க வந்தது" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். சினிமாவில் நல்ல படம், மட்டமான படம் என்று பிரித்துப் பேசுகிற நாம், கேமை மட்டும் அப்படிப் பார்ப்பதில்லை. பல வருஷமாக விளையாடி வருகிறவன் என்ற முறையில், நான் அதைப் பிரித்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான்: அந்த கேம் நம்மை எப்படித் தோற்கடிக்கிறது?

கோயில் மண்டபத் தரையில் கோடு கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலி 3, ஆடு 15. எல்லா ஆட்டையும் வைத்து முடிக்கும்வரை ஓர் ஆடுகூட நகர முடியாது. புலியோ அதற்கு முன்பே தாவி வெட்டலாம். பார்த்தால் ஓரவஞ்சனை மாதிரித்தான் தெரியும். ஆனாலும் ஆட்டுக்காரர் நிதானமாகக் காய் வைத்தால் மூன்று புலியையும் அடைத்துப்போடலாம். வெட்டுப்பட்டால், எந்தக் காயில் கோட்டைவிட்டோம் என்று அவருக்கே தெரியும். அதனால்தான், "ஏல, இன்னொரு ஆட்டம் போடு" என்பார்.

ஜப்பானின் ஷிகெரு மியாமோட்டோ 1985இல் தந்த சூப்பர் மரியோ பிரதர்ஸிலும் இந்த நியாயம் உண்டு. முதல் ஸ்டேஜில் எதிரே ஒரு குட்டி எதிரி நடந்து வரும். தாவத் தெரியாவிட்டால் சில விநாடிகளில் அவுட். தொடக்கத்திலேயே போவதால் பெரிய நஷ்டமில்லை, மறுமுறை தாவிவிடுவோம். அடுத்து, பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கி வரும். எதிரியோ என்று பயந்து தாவினாலும், மேலே உள்ள செங்கல்லில் இடித்துப் பெரும்பாலும் அதன்மேலேயே விழுவோம். விழுந்தால் மரியோ வளர்ந்துவிடுகிறார்! ஒரு வரி விளக்கம்கூட எழுதாமல் பாடம் நடத்தி முடித்துவிட்டார்கள்.

நம் ஆட்களே செய்த ஒன்றும் இருக்கிறது. டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதை வாங்கியது. அதில், 1980களின் கடைசியில் கனடாவில் குடியேறிய வெண்பா என்ற பெண், தன் அம்மாவின் பழைய சமையல் குறிப்பை வைத்துச் சமைக்கிறாள். நோட்டில் பாதி எழுத்து அழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது? மேல்தட்டின் துளை கீழ்த்தட்டு இட்லிக்கு நேரே வரும்படி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஆவியின் வழியை யோசித்தால் விடை கிடைக்கும். தவறினால் மறுபடி அடுக்கலாம். அம்மா தமிழில் பேச, வளர்ந்த மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வலியும் அந்தச் சமையலோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஏமாற்றுகிற கேம்களும் உண்டு. அந்தக் காலத்து டிவி கேம் கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருப்பார்கள். உள்ளே போனால் சில கேம்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். இன்றைய சில பெரிய கேம்களும் அதே ரகம்தான்: பரந்த வரைபடம், அதில் நூறு இடம், நூறு இடத்திலும் ஒரே வேலை.

இன்னொரு ஏமாற்றம், முழுதாக வேகாமல் பரிமாறுவது. 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' என்ற கேமில் அவ்வளவு கோளாறு. சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. கேம் பாதியில் நின்றுபோனால், ஆடுகிறவன் எதைத் திருத்திக்கொள்வான்?

எல்லாவற்றிலும் மோசம், வெற்றியை விலைக்கு விற்பது. பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் ரம்மியைச் சொல்லவில்லை. அதைத் தடுக்க 2025இல் மத்தியச் சட்டமே வந்துவிட்டது. நான் சொல்வது, இலவசம் என்று உள்ளே இழுத்து, காசு கட்டி டாப்-அப் செய்தவனுக்கு மட்டும் பலமான ஆயுதம் தருகிற கேம்களை. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்கிற வழக்கமும் அவற்றில் உண்டு. அதைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018லேயே அறிவித்தது.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். போனைப் பிடுங்குவதற்கு முன், "ஏன்லே தோத்த?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். "சீக்கிரமே தாவிட்டேன்" என்றால், அவன் எதையோ கற்றுக்கொண்டிருக்கிறான்; நேரத்துக்கு மட்டும் ஒரு கணக்கு வையுங்கள். "அவன் காசு போட்டு துப்பாக்கி வாங்கிட்டான்" என்றால், அந்த கேமை அன்றைக்கே போனிலிருந்து எடுத்துவிடலாம்.