விரைவும் காலந்தவறாமையும்



விரைந்து செய்தல் வேறு. காலந்தவறாது செய்தல் வேறு. மின்னலெனக் கணக்குப் போடும் மாணவன், தேர்வு முடிந்த பின் வந்து சேர்ந்தால் அவனது விரைவால் பயன் யாது? கணினிக்கும் இதுவே நியதி. ஆலையில் சுழலும் இயந்திரக் கரத்தை 'நில்' எனப் பணிக்கும் கட்டளை, குறித்த கணத்தில் வந்தே தீரவேண்டும். பிந்தினால் அருகில் நிற்பவரின் கை போய்விடக்கூடும். அங்கே காலங்கடந்த சரியான விடையும் தவறான விடையே. காலக்கெடுவுக்குக் கட்டுப்பட்ட இத்தகைய பணியை 'நிகழ்நேரக் கணிப்பு' என்பர்.

கணினியின் வேலைகளைப் பங்கிட்டு நடத்தும் உட்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆயினும் அது பல வேலைகளைச் சராசரியாக விரைந்து முடிக்க அமைந்ததேயன்றி, ஒவ்வொன்றையும் கெடுவுக்குள் முடிக்க அமைந்ததன்று. கெர்னல் தன் சொந்த வேலையில் ஆழ்ந்திருக்கையில், அவசர வேலையும் வாயிலில் காத்து நின்றது.

இக்குறையை நீக்க இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர், ஸ்டீவன் ரோஸ்டெட் முதலியோர் முனைந்தனர். கெர்னலின் சொந்த வேலையையும், மிகச் சில இடங்கள் நீங்கலாக, இடையில் நிறுத்தத்தக்கதாக மாற்றினர். வெளிச் சாதனங்களின் அழைப்புகளைக் கவனிக்கும் பணிகளையும் முன்னுரிமை வரிசையில் நிற்கவைத்தனர்.

மற்றுமொரு சிக்கல் உண்டு. ஆய்வுக்கூடத்தின் திறவுகோல் கடைநிலை ஊழியரிடம் இருக்கிறது. தலைமையாசிரியர் அதற்காகக் காத்திருக்கிறார். இடைநிலையில் உள்ளோரோ அந்த ஊழியரை நகரவிடாமல் தம் வேலைகளை முந்தி நடத்திக்கொள்கின்றனர். முடிவில் மூத்தவரின் வேலையே நின்றுபோகிறது! 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் நின்று தொடங்கியது இத்தகைய குழப்பத்தாலேதான். அதில் இருந்தது லினக்ஸ் அன்று. நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. திறவுகோலைத் திருப்பித் தரும்வரை, காத்திருக்கும் மூத்தவரின் முன்னுரிமையை அந்த ஊழியருக்கே இரவலாக அளிப்பதுதான் அம்மருந்து. லினக்ஸின் பூட்டுகளிலும் இம்முறை புகுத்தப்பட்டது.

2004-இல் தொடங்கிய இம்முயற்சி நெடுங்காலம் தனித் திருத்தமாகவே இருந்து, 2024 செப்டம்பரில்தான் மூலக் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்தது. அதற்கும் ஒரு விலை உண்டு. மொத்த வேகம் சிறிது குறையலாம். வாக்குறுதி தந்த வேளையில் பணி முடிவதற்காக அவ்விலையை மனமுவந்து கொடுக்கின்றனர். கணினிக்கு இதைக் கற்பிக்க 20 ஆண்டுகள் ஆயின. நாமும் இன்றே கற்கத் தொடங்கலாம் அன்றோ?