மலைப்பாதைச் சைக்கிளின் சட்டகம்



சைக்கிள் கடைக்குச் செல்வோர், வண்டியைக் கண்டவுடன் "இது எதனால் ஆனது?" என்று கேட்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. எஃகா, அலுமினியமா, டைட்டானியமா, கார்பனா என்பது தெரிந்துவிட்டால் வண்டியின் தரமே தெரிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் நெடுந்தூரம் ஏறி இறங்குவதற்கென அமைந்த, கிராஸ் கன்ட்ரி எனப்படும் சைக்கிளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பாதி உண்மையே. மற்றப் பாதியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். கடைக்காரர் பிரேம் என்று சொல்வதை நான் சட்டகம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான் வேறுபாடு.

மலைச் சைக்கிள் உருவான வரலாற்றில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மாரின் வட்டாரத்திற்குத் தனி இடம் உண்டு. அங்கே 1970களில் இளைஞர் சிலர், பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கனத்த எஃகுச் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைச்சரிவில் ஓட்டி மகிழ்ந்தனர். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு ரீபேக் என்று பெயர். ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பின்சக்கரத்தின் நடுவே அமைந்த பிரேக் கொதித்து, அதிலுள்ள கிரீஸ் புகைந்து போகும். ஓடி முடித்தபின் மீண்டும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனால் வந்த பெயர் அது. பழைய சட்டகங்கள் அத்தகைய ஓட்டத்திற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே அவ்விளைஞருள் ஒருவரான ஜோ பிரீஸ் என்பார், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழல்களைக் கொண்டு அந்தப் பாதைக்கென்றே 1977இல் ஒரு சட்டகம் செய்தார். அதன் பின் 20 ஆண்டுகள் நிறையுமுன், 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது.

இனிப் பொருள்களின் இயல்பைப் பார்ப்போம். யங் குணகத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு பொருளின் விறைப்பை அது அளக்கிறது. எஃகுக்கு அது ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்திற்கு 110, அலுமினியத்திற்கு 70. இதை மட்டும் நோக்கினால் அலுமினியம் மிகவும் தாழ்ந்ததாகத் தோன்றும். ஆனால் அடர்த்தியையும் நோக்குங்கள். நீரை 1 எனக் கொண்டால் எஃகு 7.8, டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 25.6, 24.4, 25.9 என்று வரும். எடைக்கு எடை வைத்தால் மூன்று உலோகங்களும் ஏறக்குறையச் சமமான விறைப்புடையவை! இத்தனை ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த பின்னும் இச்செய்தி எனக்கு வியப்பூட்டத் தவறுவதில்லை.

அப்படியாயின், அலுமினியச் சட்டகம் எஃகுச் சட்டகத்தினும் இலேசாயிருப்பது எவ்வாறு? குழலின் பருமனால்தான். மெல்லிய சுவருடைய குழல் ஒன்றின் எடையை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இருமடங்காக்கினால், அது வளைய மறுக்கும் திறன் நான்கு மடங்காகிறது. ஆனால் சுவர் பாதியாக மெலிந்துவிடும். எஃகில் இதை நெடுந்தூரம் கொண்டுசெல்ல முடியாது. சுவர் தகரம்போலாகி, கல் தெறித்தாலும் நசுங்கும். அலுமினியம் இலேசான உலோகமாதலால், குழலைப் பருமனாக்கிய பின்னும் சுவருக்குப் போதிய தடிப்பு எஞ்சுகிறது. 1970களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராயிருந்த காரி கிளைன் பருமனான அலுமினியக் குழல்களைக் கையாண்டதன் நுட்பம் இதுவே. எஃகுக்காரர்களும் சும்மா இருந்துவிடவில்லை. இணைப்புகள் அமையும் இரு முனைகளிலும் தடித்து, நடுவில் மெலிந்த குழலுக்கு இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் 1897லேயே காப்புரிமை பெற்றிருந்தனர்.

டைட்டானியம் துருப்பிடியாதது, வலிமையுள்ளது, விலையோ மிகுதி. அதன் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலேயே கிடைக்கிறது. தாது அரிதன்று, அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்து உலோகத்தை எடுப்பதே அரிது. பற்றவைக்கும்போதுகூடக் காற்றுப் படாதபடி ஆர்கான் வாயு சூழச் செய்யவேண்டும்.

கார்பனோ முற்றிலும் வேறு குலத்தைச் சேர்ந்தது. மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய நார்களைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்து இறுகச் செய்வது. மூங்கிலை நீளவாக்கில் பிளப்பது எளிது, குறுக்கே முறிப்பது கடிது அன்றோ? கார்பன் நாரும் அவ்வாறே, தான் ஓடும் திசையிலேயே வலிமை மிக்கது. ஆகவே எந்த இடத்தில் எந்தத் திசையில் வலிமை வேண்டுமோ அங்கே நாரை அவ்வண்ணம் அடுக்குகின்றனர். பந்தயச் சட்டகம் ஒன்றை 1 கிலோகிராம் அளவில் முடித்துவிட முடிகிறது. நல்ல அலுமினியச் சட்டகம் ஒன்றரை கிலோவுக்கு மேலும், நல்ல எஃகுச் சட்டகம் 2 கிலோவுக்கு மேலும் இருப்பது பொதுவான நிலை.

இந்த 1 கிலோவின் மதிப்பு என்ன? ஓட்டுபவரும் வண்டியுமாக 75 கிலோ என்று கொள்வோம். 75இல் 1 என்பது நூற்றுக்கு ஒன்றேகால், ஒன்றரை. ஒரு மணி நேரம் பிடிக்கும் செங்குத்தான ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 48 வினாடி. பந்தயக்காரருக்கு அது பொன்னினும் அரியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு மலையேறுபவருக்கு, வழியில் நின்று தண்ணீர் குடிக்கும் நேரம் அது. எஃகு ஓட்டுவதற்கு மென்மையானது, அலுமினியம் உடம்பை உலுக்குவது என்ற பேச்சையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சட்டகம் மேலும் கீழும் வளைவது மிகச் சிறிது. அகன்ற டயரோ அதனினும் பன்மடங்கு அமுங்கிக் கொடுக்கிறது.

பொருள்களுக்கிடையே உள்ள பெரிய வேறுபாடு அவை கெடும் விதத்தில் இருக்கிறது. எஃகில் தகைவு ஒரு வரம்புக்குள் அடங்கியிருந்தால் எத்தனை இலட்சம் முறை அதிர்ந்தாலும் அது சோர்வதில்லை என்றே சொல்லலாம். அலுமினியத்திற்கு அத்தகைய வரம்பு இல்லை. சிறு அதிர்ச்சிகளும் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். இதை அறிந்தே நல்ல நிறுவனத்தார் வேண்டிய இடங்களில் உலோகத்தை மிகுதியாக வைக்கின்றனர். எஃகு விரிசல் விட்டால் தேர்ந்த தொழிலாளி பற்றவைத்துத் தருவார். 6061 போன்ற அலுமினியக் கலவையைப் பற்றவைத்தால் அவ்விடத்தில் வலிமை குன்றிவிடும். சட்டகம் முழுவதையும் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தினால்தான் அது மீளும். தெருமுனைப் பட்டறையில் ஆகக்கூடிய காரியமன்று. கார்பனைப் பழுது பார்க்க வல்லார் உளர், ஆனால் சிலரே. அதைவிடக் கவலை தருவது, கல்லில் மோதியபின் மேலே ஒரு கீறல்மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் விலகியிருக்கக்கூடும் என்பது. நாணயத்தால் தட்டினால் மந்தமான ஒலி எழுவது ஓர் அறிகுறி. ஒலி நன்றாயிருப்பதோ முழுச்சான்று ஆகாது.

என்னிடம் படித்த ஒருவர், இப்போது கல்லூரி மாணவர், அண்மையில் எழுதிக் கேட்டார். கையிலுள்ள தொகைக்கு இரண்டு வண்டிகள் வருகின்றனவாம். ஒன்று, பந்தயங்களில் ஓடிய பழைய கார்பன் வண்டி. மற்றொன்று புதிய அலுமினிய வண்டி. தோழர்கள் அனைவரும் கார்பனையே வாங்கச் சொல்கின்றனராம். இறக்கத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது முன்பக்கக் குழல் முறிந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டே விடை எழுதினேன்:

"தம்பி, எத்தனை முறை விழுந்தது என்று தெரியாத கார்பன் வேண்டாம். அலுமினிய வண்டியையே வாங்கு. மாதம் ஒரு முறை சேற்றைத் துடைத்துவிட்டு, ஹேண்டில்பார் நிற்கும் முன்குழலின் இணைப்புகளையும், பெடல் அச்சைச் சுற்றிய இணைப்புகளையும், சீட்டுக் கம்பி இறங்கும் வாயையும் விளக்கு வைத்துப் பார். பெயின்டில் மயிரிழைபோல் கோடு தெரிந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்து. விலையில் மீதப்படுவதைக் கொண்டு ஒரு தலைக்கவசமும், இரண்டேகால் அங்குல அகலமுள்ள நல்ல டயர் இரண்டும் வாங்கிக்கொள்."