வட்டைக்குக் குளிர்ந்த தண்ணீர்: சுமப்பது யார், கூலி கொடுப்பது யார்?

(கொக்கட்டிச்சோலையில் வயல் கூலித் தொழிலாளர் கூட்டத்தில் எங்கள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் ஊரில் நாங்கள் வெயில் என்று சொல்வதைக் கேட்டால் படுவான்கரையில் உள்ளவர்கள் சிரிப்பீர்கள். நேற்று மண்முனைப் பாலத்தால் வரும்போதே கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. சம்பளத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைக்காதீர்கள். இதுவும் சம்பளக் கதைதான்.

எங்கள் தோட்டப் பாடசாலையில் காலையில் வந்த சில பிள்ளைகள் பத்து மணிக்குப் பிறகு வகுப்பில் இருப்பதில்லை. முதலில் ஏசினோம். பிறகுதான் தெரிந்தது, கொழுந்து எடுக்கும் அம்மாவுக்குப் போத்தலில் தண்ணீரும் தேத்தண்ணியும் கொண்டு மலைக்கு ஏறுகிறார்கள். தோட்டம் தண்ணீர் அனுப்பவில்லை, பிள்ளை கொண்டு போகிறது. அந்தப் பிள்ளைக்கு யாரும் பேர் போடுவதில்லை. ஏசியதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறோம். இங்கேயும் வயலுக்குத் தண்ணீர் கொண்டு போவது பிள்ளைகள்தான் என்று நேற்றிரவு அக்காமார் சொன்னார்கள்.

நேற்று வட்டையில் ஒரு பிளாஸ்டிக் கேன் வரம்பில், வெயிலில் கிடந்தது. மத்தியானம் தொட்டுப் பார்த்தோம், தேத்தண்ணி ஊற்றலாம் போன்ற சூடு. ஒரு அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு மூடி வைத்தார். உடம்பு கேட்கிறது, வாய் ஏற்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் ஆடம்பரம் இல்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான். குளிர்ந்திருந்தால்தான் மனிதர் போதுமான அளவு குடிப்பார்.

அதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். மண்பானை ஏன் குளிர்கிறது? அதன் நுண்ணிய துளைகளால் தண்ணீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. 1 லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். கணக்குப்படி அது 58 லீற்றர் தண்ணீரை 10 பாகை குளிர்விக்கப் போதும். வெளிச்சூடும் உள்ளே வருவதால் பானையில் அவ்வளவு கிடைக்காது. ஆனால் எவ்வளவு கொஞ்சம் கசிந்தால் போதும் என்று பாருங்கள். உங்களை வாட்டும் அதே கச்சான், காய்ந்த காற்று என்பதால், பானையை நன்றாகக் குளிர்விக்கும். மாரியில் ஈரக்காற்று வீசும்போது இந்த வித்தை அவ்வளவு பலிக்காது.

பானையை நிழலில், காற்றுப் படும் இடத்தில், மூன்று கல்லின் மேல் வையுங்கள். பெயின்ற் பூசிய பானை வேண்டாம், துளை அடைந்துவிடும். பானை இல்லாதவர் போத்தலில் ஈரச் சாக்கைச் சுற்றி மரத்தில் தொங்கவிடலாம், சாக்கு காயாமல் பார்த்தால் போதும். நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் ஒரு பானைக்குள் இன்னொரு பானை வைத்து, இடையில் ஈரமணல் போட்டு மரக்கறியைப் பாதுகாத்தார். 2000ஆம் ஆண்டு அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வாத்தியார்மாரும் சில நேரம் உருப்படியாக ஏதாவது செய்வார்கள்!

ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல. கொதித்தாறிய தண்ணீரை ஊற்றுங்கள், மூடி வையுங்கள், கையை விட்டு மொள்ள வேண்டாம். மீனுக்குப் போடும் ஐஸை தண்ணீருக்குள் போடாதீர்கள்.

கடும் வெயிலில் வேலை செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை, அதாவது கால் லீற்றர் அளவு, குடிக்க வேண்டும் என்பது தொழில் சுகாதாரத் துறையினரின் அறிவுரை. தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்களுக்குச் சிறுநீரகம் பழுதான கதை உலகத்துக்கே தெரியும். அங்கே இப்போது தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று, ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சொல்லியே ஆக வேண்டும். பல பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் தண்ணீர் சூடு என்பதல்ல. ஒதுங்க இடமில்லை. வயலருகே மறைவான கழிப்பிடம் இல்லாமல் பத்துப் பானை வைத்தாலும் அவர்கள் குடிக்க மாட்டார்கள்.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் கொடுக்க வேண்டும் என்றது. கூரைக்குக் கீழே நிற்பவருக்கு 1948இலேயே எழுதிவிட்டார்கள். வெட்டவெளியில் நிற்பவரை அந்தச் சட்டம் பார்க்கவில்லை.

ஆகவே போடியாரிடமும் முல்லைக்காரரிடமும் நாங்கள் கேட்கச் சொல்வது இதுதான். ஒவ்வொரு வேலைக் கூட்டத்துக்கும் தண்ணீர் பார்க்க வளர்ந்த ஒருவர். பானையை நிரப்புவதும், சாக்கை நனைப்பதும், வரம்பால் கொண்டு வந்து கொடுப்பதும் அவருடைய வேலை. அவருக்கு மற்றவர்களைப் போல முழு நாள் கூலி. குடிக்க நிற்கும் நேரத்துக்குக் கூலி வெட்டக் கூடாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.

கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறோம். ஒருவர் தனியாகப் பேர் போட வேண்டாம், கூட்டம் கூட்டமாகப் போடுவோம். பின்னால் இரண்டு பானையும் ஒரு பிளாஸ்டிக் கேனும் காலையிலிருந்து ஒரே வெயிலில், ஒரே தண்ணீரோடு இருக்கின்றன. முதலில் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.