ஆபத்துக்கு உதவும் நிதி

2024 அக்டோபரில் ஒரே பிற்பகல் மழையில் மதுரையின் பந்தல்குடி வாய்க்கால் பெருகி, செல்லூர் வீடுகளுக்குள் நீர் புகுந்தது நினைவிருக்கலாம். குடியானவர் பஞ்ச காலத்துக்கென்று குதிரில் நெல் ஒதுக்கி வைப்பது போல, இத்தகைய ஆபத்துகளுக்கென்றே, 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று உண்டு. அதில் 4 பங்கில் 3 பங்கை மத்திய அரசும் எஞ்சியதை நம் மாநில அரசும் இடுகின்றன. வெள்ளத்துக்கு மட்டுமன்று, கொரோனாவில் மாண்டவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் அளிக்கப்பட்டதும் இந்நிதியிலிருந்தே.

ஆனால் நிதி தானாக வீடு தேடி வராது. மேலூரிலோ சோழவந்தானிலோ நெற்பயிர் மூழ்கினால், 3-ல் ஒரு பங்கேனும் அழிந்திருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் வயலில் இறங்கிப் பார்த்து எழுத வேண்டும்; அது வட்டாட்சியர் வழியே ஆட்சியருக்குப் போகும். வீடு இடிந்தாலும் அவரே வந்து பார்த்து எழுத வேண்டும். ஆகையால், இடிந்த சுவரின் மண்ணை அள்ளிக் கொட்டுமுன், நனைந்த குடும்ப அட்டையைக் காயவைத்து எடுத்துக்கொண்டு, முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். மண்ணை அள்ளுமுன் சொல்லுங்கள். பணம் வரத் தாமதமாவதுண்டு. அந்த மனக்குறை நியாயமானதே. அவசரமென்றால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.